சட்டபூர்வ சூதாட்டம்: அந்த வருமானம் யார் பையிலிருந்து வருகிறது?

சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கலாமா என்ற பேச்சு எந்த நாட்டில் எழுந்தாலும் இரண்டு வாக்கியங்கள்தான் திரும்பத் திரும்ப மோதிக்கொள்ளும். "தடை போட்டாலும் மறைவில் ஆடத்தான் போகிறார்கள், அனுமதி கொடுத்தால் அரசுக்கு வரியாவது வரும்" என்பது ஒன்று. "குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வந்துவிடும்" என்பது இன்னொன்று. இரண்டுமே உண்மை என்பதால் விவாதம் நகராமல் அங்கேயே நிற்கிறது. எனக்குத் தெரிந்து, இந்த இரண்டுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு ஒன்று. வரும் வரும் என்கிறார்களே, அந்த வருமானம் எத்தனை பேரிடமிருந்து வருகிறது, அவர்கள் யார்?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால்தான், உலகம் முழுக்க மக்கள் இதை ஏன் இவ்வளவு பிடிவாதமாக எதிர்க்கிறார்கள் என்பது புரியும். எதிர்ப்பவர்களை ஒழுக்கப் போதனை செய்கிறவர்கள் என்று ஒதுக்கிவிடுவது சுலபம். பாவம், புண்ணியம் என்று பேசுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள், அவர்கள் நம்பிக்கையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இன்றைய எதிர்ப்பின் வலுவான பகுதி மருத்துவர்கள், பொருளாதாரம் படித்தவர்கள், பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர்கள், தானே ஆடிச் சீரழிந்து மீண்டவர்கள் ஆகியோரிடமிருந்து வருகிறது. அவர்கள் கணக்குக் கேட்கிறார்கள்.

சரி, கணக்கிலிருந்தே தொடங்கலாம். ரூலெட் என்பது சுழலும் சக்கரத்தில் பந்து எந்த எண்ணில் நிற்கும் என்று பணம் வைக்கும் ஆட்டம். ஐரோப்பிய ரூலெட் சக்கரத்தில் 37 எண்கள். ஒரு எண்ணில் பணம் வைத்து ஜெயித்தால், வைத்த பணம் போக 35 மடங்கு தருவார்கள். நியாயமாகப் பார்த்தால் 36 மடங்கு தர வேண்டும். அந்த ஒரு மடங்கு வித்தியாசம்தான் கேசினோவின் பங்கு, சுமார் 2.7 சதவீதம். அமெரிக்கச் சக்கரத்தில் கூடுதலாக ஒரு எண்ணைச் சேர்த்து 38 ஆக்கிவிட்டு அதே 35 மடங்கையே கொடுப்பதால் பங்கு 5.26 சதவீதமாகிறது. கேட்க சின்னத் தொகைதான். ஆனால் இந்தத் தொழிலில் சதவீதத்தைவிட வேகம்தான் முக்கியம். நாணயம் போட்டுப் படங்களைச் சுழலவிடும் ஸ்லாட் மெஷினில் 5 விநாடிக்கு ஒரு சுற்று என்றால் மணிக்கு 720 சுற்று. மெஷின் 10 சதவீதம் பிடித்துக்கொள்கிறது என்று வைத்துக்கொண்டால், சுற்றுக்கு ஒரு நாணயம் போடுகிறவர் சராசரியாக மணிக்கு 72 நாணயம் இழக்கிறார். மாதம் ஒரு முறை லாட்டரிச் சீட்டு வாங்குகிறவருக்கும் இவருக்கும் நடப்பது ஒன்றே அல்ல, இரண்டையும் சட்டம் 'சூதாட்டம்' என்ற ஒரே தலைப்பில் வைத்திருந்தாலும்.

மெஷின் உள்ளே நடப்பதைப் பார்த்தால் இன்னும் கோபம் வரும். பத்து நாணயம் வைத்து நான்கு திரும்ப வந்தால் அது ஆறு நாணய நஷ்டம். ஆனால் மெஷின் விளக்கெரிந்து, இசை போட்டு, ஜெயித்துவிட்டதாகக் காட்டும். ஜாக்பாட் அடையாளம் ஒரே ஒரு கட்டத்தில் தவறிப்போனது போல நிற்கும், ஆடுகிறவர் 'அடுத்த சுற்றில் கண்டிப்பாக வரும்' என்று நினைப்பார். அப்புறம் விட்டதைப் பிடிக்கும் படலம் தொடங்கும். இது மன உறுதி இல்லாதவர்களின் பலவீனம் என்று முன்பு சொல்லிக்கொண்டிருந்தார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்க் கையேட்டில் 1980இல்தான் இது முதன்முதலாக ஒரு கோளாறாக இடம்பெற்றது. 2013 பதிப்பில் மது, போதைப்பொருள் இவற்றோடு சேர்த்து அடிமையாதல் என்ற வகைக்கு மாற்றினார்கள். அந்த மாற்றத்துக்குப் பிறகு 'அவனவன் விருப்பம்' என்ற வாதம் பழையபடி நிற்க முடியாது.

இனி அந்தக் கேள்விக்கு வருகிறேன். ஆஸ்திரேலியாவில் மதுக்கடைகளிலும் கிளப்புகளிலும் ஸ்லாட் மெஷின்கள் நிறைந்திருக்கின்றன. அந்த நாட்டு அரசின் ஆலோசனை அமைப்பான உற்பத்தித்திறன் ஆணையம் 2010இல் கொடுத்த அறிக்கையில், இந்த மெஷின்களில் போகும் பணத்தில் சுமார் 40 சதவீதம் சூதாட்டச் சிக்கலில் மாட்டிக்கொண்டவர்களிடமிருந்து வருகிறது என்று மதிப்பிட்டது. வயது வந்தோரில் அப்படிப்பட்டவர்கள் ஒரு சதவீதத்தை ஒட்டித்தான் இருப்பார்கள். பிரிட்டனில் நாடாளுமன்ற மேல்சபையான பிரபுக்கள் சபையின் குழு 2020இல் இதே திசையில் ஒரு கணக்கைச் சொன்னது: தொழிலின் லாபத்தில் 60 சதவீதம், ஏற்கெனவே சிக்கலில் இருப்பவர்களும் சிக்கலின் விளிம்பில் இருப்பவர்களுமான 5 சதவீதம் பேரிடமிருந்து வருகிறது.

இதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். எல்லோரும் விளம்பரத்தில் சொல்கிறபடி 'பொறுப்போடு' விளையாடத் தொடங்கினால் இந்தத் தொழிலின் வருமானத்தில் பெரும் பகுதி காணாமல் போய்விடும். அதாவது, எந்த மனிதரைக் காப்பாற்றுவதாக உரிமத்தில் எழுதியிருக்கிறதோ அந்த மனிதர்தான் சிறந்த வாடிக்கையாளர். அரசு உரிமம் கொடுத்து வரி வாங்கத் தொடங்கியதும் அவர் அரசுக்கும் சிறந்த வாடிக்கையாளர் ஆகிவிடுகிறார். என்னைப் பொறுத்தவரை சட்டபூர்வமாக்கலின் மையச் சிக்கல் இதுதான், மற்றதெல்லாம் இதன் கிளைகள்.

சட்டபூர்வமாக்கச் சொல்கிறவர்களின் வாதத்தையும் நியாயமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் சாரம் இருக்கிறது. பிரிட்டனில் 1906ஆம் ஆண்டுச் சட்டம் தெருவில் பந்தயம் கட்டுவதைத் தடை செய்தது. ஆனால் குதிரைப் பந்தய மைதானத்துக்கே போய்க் கட்டலாம், கணக்கு வைத்துக்கொண்டு தொலைபேசியில் கடனுக்கும் கட்டலாம். வசதி உள்ளவருக்கு அனுமதி, தொழிலாளிக்குக் கைது. தெருமுனை புக்கிகள் இருந்துகொண்டேதான் இருந்தார்கள், போலீஸ்காரர்களுக்குக் காசு போய்க்கொண்டே இருந்தது. அந்த அநியாயத்தை முடிக்கத்தான் 1960இல் சட்டம் வந்தது, 1961 மே முதல் பந்தயக் கடைகள் திறந்தன. அந்தக் கடைகள் எப்படி இருக்க வேண்டும் என்று அவர்கள் யோசித்த விதம் எனக்குப் பிடித்திருக்கிறது. உட்கார்ந்து பொழுதுபோக்க வசதி கூடாது, தின்பண்டம் கூடாது, வெளியிலிருந்து பார்த்து ஆசை வரும்படி எதுவும் கூடாது. இருக்கிற தேவைக்கு இடம் கொடுக்கலாம், இல்லாத தேவையை உண்டாக்கக் கூடாது என்பதுதான் கொள்கை.

அந்தக் கொள்கை அரை நூற்றாண்டுகூட முழுதாகத் தாங்கவில்லை. கட்டுப்பாடுகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன, 2005ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்த 2007இலிருந்து தொலைக்காட்சி விளம்பரத்துக்கு வழி திறந்தது. இதே கடைகளுக்குள் 20 விநாடிக்கு ஒரு முறை 100 பவுண்டு வரை வைக்கக்கூடிய மின்னணு ரூலெட் மெஷின்கள் வந்தன. மக்கள் கொதித்தார்கள். வரம்பை 2 பவுண்டாகக் குறைப்பதாக 2018இல் அரசு அறிவித்தது, ஆனால் அமலுக்கு வரும் தேதியை இழுத்தடித்தது. அதை எதிர்த்து, துறைக்குப் பொறுப்பான அமைச்சர் ட்ரேசி க்ரௌச்சே பதவி விலகினார். கடைசியில் 2019 ஏப்ரலில் அமலானது. மறைவுச் சந்தையை ஒழிக்க வந்த ஒரு சட்டம், ஆசையைத் தூண்டாத கடையில் தொடங்கி அங்கே போய் நின்றது. 1960இல் வாக்களித்தவர்கள் யாரும் இதற்காக வாக்களிக்கவில்லை.

லாட்டரி விஷயத்தில் அமெரிக்கா ஒரு முழுச் சுற்று சுற்றி வந்திருக்கிறது. உள்நாட்டுப் போருக்குப் பிறகு, 1868இல் லூசியானா மாநிலம் ஒரு தனியார் நிறுவனத்துக்கு லாட்டரி உரிமம் கொடுத்தது. அது தபால் வழியாக நாடு முழுக்கச் சீட்டு விற்றது, கிடைத்த பணத்தில் சட்டமன்ற உறுப்பினர்களையே விலைக்கு வாங்கியது. ஆத்திரம் நாடு முழுக்கப் பரவி, 1890இல் லாட்டரித் தபாலை நாடாளுமன்றம் தடை செய்தது, 1895இல் மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோவதையும் தடுத்தது. அந்தத் தடை செல்லும் என்று 1903இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சூதாட்டத்தை விட, சூதாட்டப் பணம் ஆட்சியை என்ன செய்யும் என்பதில்தான் அன்றைய மக்கள் அதிகம் பயந்தார்கள். பிறகு 1964இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் லாட்டரியைத் திரும்பக் கொண்டுவந்தது. விற்பனை வரியும் கூடாது, சம்பளத்துக்கு வருமான வரியும் கூடாது, ஆனால் பள்ளிக்கூடங்களுக்குப் பணம் வேண்டும் என்று நினைத்த மாநிலம் அது. அன்றிலிருந்து 'கல்விக்காக லாட்டரி' என்பது ஒரு வழக்கமான முழக்கமாகிவிட்டது. லாட்டரிப் பணம் கல்விக்கு வருகிறது, அதே அளவு வழக்கமான நிதி கல்வியிலிருந்து சத்தமில்லாமல் வேறு பக்கம் போகிறது என்பது இதை ஆராய்ந்தவர்களின் பழைய புகார்.

பக்கத்து மாநிலம் அனுமதித்துவிட்டது, நம் ஆட்கள் அங்கே போய்க் கொட்டுகிறார்கள், அந்தப் பணம் இங்கேயே இருக்கட்டுமே என்பது அரசியல்வாதிகளை மிகச் சீக்கிரம் மயக்கும் வாதம். ஆனால் பக்கத்தில் இருப்பவரும் அதையேதான் யோசிப்பார். நியூ ஜெர்சியின் அட்லாண்டிக் சிட்டியில் 1976 வாக்கெடுப்பின் பேரில் 1978இல் கேசினோ திறந்தபோது லாஸ் வேகாஸ் இருக்கும் நெவாடா மாநிலத்துக்கு வெளியே வேறு போட்டியே இல்லை. அக்கம்பக்கத்து மாநிலங்களும் திறந்த பிறகு, 2014 என்ற ஒரே ஆண்டில் அங்கே நான்கு கேசினோக்கள் மூடப்பட்டன. வேலைவாய்ப்பு, சுற்றுலா என்று ஓர் ஊர் தன் வாழ்க்கையையே இதில் கட்டிவைத்தால் நிலைமை இப்படித்தான் ஆகும்.

சொந்த மக்களை ஆடவிடாமல், வெளியாட்களை மட்டும் ஆடவைக்கலாம் என்பது இன்னொரு வழி. மொனாக்கோ தன் குடிமக்களை மான்டி கார்லோ கேசினோவில் ஆட அனுமதிப்பதில்லை. தென் கொரியாவில் பல கேசினோக்கள் இருந்தாலும் உள்நாட்டவர் நுழையக்கூடியது ஒன்றே ஒன்றுதான், நிலக்கரிச் சுரங்கங்கள் மூடிய மலைப் பகுதியைப் பிழைக்கவைக்க 2000இல் திறந்த காங்வான் லேண்ட். அதைச் சுற்றிப் பெருகியவை அடகுக்கடைகள். ஆட்டம் தீங்கில்லாத பொழுதுபோக்கு என்று உண்மையிலேயே நம்பும் அரசு தன் மக்களைத் தடுக்க வேண்டிய அவசியம் என்ன? தீங்கு என்று தெரிந்தே, அது வேறு யார் வீட்டிலாவது விழட்டும் என்ற ஏற்பாடு இது.

சிங்கப்பூர் இதில் தனி ரகம், அதைக் கவனமாகப் பார்க்க வேண்டும். 2005 ஏப்ரலில் பிரதமர் லீ சியன் லூங் இரண்டு கேசினோ வளாகங்களுக்கு அனுமதி அறிவித்தபோது மத அமைப்புகளிலிருந்தும் குடும்பங்களிலிருந்தும் பெரிய எதிர்ப்பு இருந்தது, ஆயிரக்கணக்கானோர் மனுவில் கையெழுத்திட்டிருந்தார்கள். அந்த எதிர்ப்பு அனுமதியைத் தடுக்கவில்லை. ஆனால் என் பார்வையில், அதன் தடம் விதிகளில் பதிந்திருக்கிறது. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் உள்ளே போக ஒரு நாளுக்கு 100 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கட்ட வேண்டும், 2019இல் அது 150 ஆனது. ஒருவரை உள்ளே விடாதீர்கள் என்று அவர் குடும்பத்தாரே விண்ணப்பிக்கலாம். 2010இல் கேசினோக்கள் திறந்தன. சூதாட்டச் சிக்கல் உள்ளவர்களின் விகிதம் 2011 கணக்கெடுப்பில் 2.6 சதவீதமாக இருந்து 2020இல் 1.2 சதவீதமாகப் பதிவானது. எதிர்ப்பவர்கள் இந்த எண்ணைப் பார்த்து முகம் திருப்பக் கூடாது. கடுமையான விதிகளை உண்மையிலேயே அமல்படுத்தும் திறமையும் விருப்பமும் உள்ள அரசு தீங்கைக் குறைக்க முடியும் என்றுதான் அது சொல்கிறது. அந்தத் திறமையும் விருப்பமும் எத்தனை அரசுகளிடம் இருக்கிறது என்பது அடுத்த கேள்வி.

மக்களிடம் நேரடியாகக் கேட்ட இடங்களில் என்ன நடந்தது? தைவானின் பெங்ஹு தீவுகளில் 2009இலும் 2016இலும் வாக்கெடுப்பு நடத்தினார்கள், இரண்டு முறையும் கேசினோ வேண்டாம் என்றார்கள், இரண்டாவது முறை சுமார் 80 சதவீதம் பேர். ஜப்பானின் யோகோஹாமா கதை இன்னும் விரிவானது. மேயர் ஃபுமிகோ ஹயாஷி, முடிவெடுக்கவில்லை என்று சொல்லித் தேர்தலில் ஜெயித்தவர், 2019இல் துறைமுகப் பகுதியில் கேசினோ கொண்டுவரப்போவதாக அறிவித்தார். நகர மக்கள் வாக்கெடுப்பு கேட்டுச் சுமார் 1.9 லட்சம் கையெழுத்து திரட்டினார்கள். நகர மன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. துறைமுகத் தொழிலின் மூத்த புள்ளியான யுகியோ ஃபுஜிகி, தொண்ணூறு வயதை நெருங்கும் தொழிலதிபர், வெளிப்படையாகக் கேசினோவை எதிர்த்து நின்றார். 2021 ஆகஸ்ட் தேர்தலில் கேசினோ எதிர்ப்பாளர் தகேஹாரு யமனாகா மேயராக ஜெயித்தார், திட்டம் கைவிடப்பட்டது. ஆனால் ஒசாகாவில் கேசினோத் திட்டம் முன்னேறியது, 2023இல் அதற்கு மத்திய அரசு அனுமதி கொடுத்தது. ஓர் ஊர் தடுத்தால் அடுத்த ஊரைத் தேடும் என்பது இந்தத் தொழிலின் இயல்பு.

இந்த எதிர்ப்புக் கூட்டணியில் எல்லோரும் கடைசிவரை நிற்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நியூ ஜெர்சி விளையாட்டுப் போட்டிகள் மீது பந்தயம் கட்டுவதை அனுமதிக்க முயன்றபோது, அமெரிக்காவின் பெரிய விளையாட்டு லீக்குகளும் கல்லூரி விளையாட்டு அமைப்பும் சேர்ந்து 2012இல் வழக்குப் போட்டன. விளையாட்டின் நேர்மை கெட்டுவிடும் என்பது அவர்கள் வாதம். 2018 மே மாதம் உச்ச நீதிமன்றத்தில் அந்தத் தரப்பு தோற்றது. தோற்ற பிறகு அதே லீக்குகள் பந்தய நிறுவனங்களோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. இப்போது முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் பந்தயம் சட்டபூர்வம், பெரும்பாலும் கைபேசியில். ஆட்டம் நடக்கும்போதே அடுத்த பந்துக்கும் பந்தயம் கட்டலாம். கேசினோவுக்குப் போக வேண்டும் என்றால் கிளம்ப வேண்டும், பயணம் செய்ய வேண்டும், நாலு பேர் பார்ப்பார்கள். கைபேசியில் அந்தத் தடை எதுவும் இல்லை, பக்கத்தில் படுத்திருக்கும் மனைவிக்குக்கூடத் தெரியாது. எதிர்ப்பு திரும்பவும் சூடுபிடிப்பதற்கு இதுவே முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

தடையே தீர்வா என்றால், எப்படிப்பட்ட தடை என்று கேட்க வேண்டும். 2009இல் ஒரு சூதாட்டக் கூடத்தில் தீப்பிடித்துப் பலர் இறந்ததை அடுத்து உக்ரைன் எல்லாவற்றையும் தடை செய்தது. லாட்டரி என்ற பெயரிலும் இணைய மையம் என்ற பெயரிலும் கூடங்கள் தொடர்ந்தன, 2020இல் மீண்டும் சட்டபூர்வமாக்கினார்கள். போர் வந்த பிறகு வீரர்கள் கைபேசிச் சூதாட்டத்தில் சிக்குவதைக் கண்டு ஒரு வீரரே மனு தொடங்கினார், 2024 ஏப்ரலில் அதிபர் ஸெலென்ஸ்கி கட்டுப்பாடுகளுக்கு ஆணையிட்டார். நார்வே வேறு வழியில் போனது. எல்லாவற்றையும் தடை செய்யாமல், அதிகத் தீங்கு செய்த ஸ்லாட் மெஷின்களை மட்டும் 2007 ஜூலையில் கடைகளிலிருந்து ஒரேயடியாக அகற்றியது. உதவி எண்ணுக்கு வந்த அழைப்புகள் குறைந்தன, எல்லோரும் மறைவுச் சந்தைக்கு ஓடிவிடவும் இல்லை. பிறகு அரசு நிறுவனமே கொண்டுவந்த மெஷின்களில் பெயர் பதிந்த அட்டை இல்லாமல் ஆட முடியாது, நாளுக்கும் மாதத்துக்கும் இழப்பு வரம்பு உண்டு.

இதையே ஆஸ்திரேலியாவில் செய்ய முயன்றபோது என்ன ஆனது என்பதுதான் என் கவலைக்குக் காரணம். 2010இல் தனிப்பெரும்பான்மை இல்லாத நாடாளுமன்றத்தில், ஆண்ட்ரூ வில்கி என்ற சுயேச்சை உறுப்பினர், மெஷினில் உட்காரும் முன்பே இழப்பு வரம்பை நிர்ணயிக்கும் முறையைக் கொண்டுவருவதாக வாக்குறுதி வாங்கிக்கொண்டு பிரதமர் ஜூலியா கில்லார்டுக்கு ஆதரவு கொடுத்தார். கிளப்புகள் பெரும் பணம் செலவழித்துப் பிரச்சாரம் நடத்தின. 2012 ஜனவரியில் கில்லார்ட் பின்வாங்கினார். 2018இல் தாஸ்மேனியா மாநிலத்தில் மதுக்கடைகளிலிருந்து மெஷின்களை எடுப்போம் என்று சொல்லித் தேர்தலில் நின்ற லேபர் கட்சி தோற்றது, பிறகு அந்தக் கொள்கையையே கைவிட்டது. அனுமதி கொடுக்கும் நாளில் இந்தத் தொழில் அரசிடம் கைகட்டி நிற்கும். இருபது வருடம் கழித்து, அதன் வேலைகளும் வரியும் நன்கொடையும் விளம்பரமும் ஊரெல்லாம் வேர்விட்ட பிறகு, அரசுதான் அதனிடம் தயங்கி நிற்கும்.

ஆகவே புதிய மசோதா வரும்போது அனுமதியா தடையா என்று மட்டும் கேட்டுவிட்டுக் கலைந்துபோகக் கூடாது. ஒரு சுற்றுக்கு எவ்வளவு வைக்கலாம், எத்தனை விநாடிக்கு ஒரு முறை, கடனுக்கு ஆட முடியுமா, விளம்பரம் உண்டா, ஒருவர் ஒரு மாதத்தில் அதிகபட்சம் எவ்வளவு இழக்கலாம், வருமானத்தில் எத்தனை பங்கு சிக்கலில் இருப்பவர்களிடமிருந்து வருகிறது என்று நிறுவனங்கள் ஆண்டுதோறும் வெளியிட வேண்டுமா? பிரிட்டனில் இணைய ஸ்லாட்டுக்கு ஒரு சுற்றுக்கு 5 பவுண்டு, 25 வயதுக்குக் கீழே 2 பவுண்டு என்ற வரம்பு 2025இல்தான் வந்தது. அதே ஆண்டு, சிகிச்சைக்கும் ஆராய்ச்சிக்கும் நிறுவனங்கள் கட்டாயம் பணம் கட்ட வேண்டும் என்பதும் வந்தது, அதுவரை எவ்வளவு கொடுப்பது என்பது நிறுவனங்களின் விருப்பமாகத்தான் இருந்தது. இவையெல்லாம் கடைகளோ செயலிகளோ திறப்பதற்கு முன்பே எழுதியிருக்க வேண்டிய விதிகள்.